காற்றில் ஒரு கள்ளச்சாவி

"அய்யோ... அந்தோணி அண்ணன் விழுந்துட்டாரு!"

கழிவுநீர்த் தொட்டிப் பக்கமிருந்து வந்த அலறலில் ஹெலன் அலுவலக நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை நேரம். ஆம்பூரின் அந்தத் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் டிரம்கள் எல்லாம் நின்றிருக்கும். கழிவு வராது. அதனால் தொட்டியைச் சுத்தம் செய்வது எப்போதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

துப்புரவுத் தொழிலாளி அந்தோணி உள்ளே இறங்கியிருந்தார். விஷவாயுவை வெளியே இழுக்கும் ஃபேன்... ஓடவில்லை!

தூக்கி வெளியே போட்டபோது உடம்பில் உயிர் இல்லை.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் ராமமூர்த்தி ஹெலனின் எதிரில் உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் எல்லாம் பாத்துக்கறது நீதானேம்மா?"

"ஆமா சார்."

"ஒன்னு அஞ்சுக்கு ஃபேனை வைஃபை வழியா நிறுத்தியிருக்காங்க. உன் லேப்டாப் நம்பர்லேர்ந்து!"

ஹெலன் பதறி எழுந்தாள்.

"நான் பண்ணல சார்! இந்த வைஃபைல இருக்கறது டபிள்யூ.ஈ.பி. அரதப் பழசான பூட்டு. சுவருக்கு வெளிய நின்னே உடைச்சிடலாம். உள்ள வந்து என் லேப்டாப் நம்பரையே போட்டுக்கலாம். மாத்துங்கன்னு மூணு தடவை சொன்னேன். தோல் கட்டுகளை எண்ற ஸ்கேனரெல்லாம் பழசு, புதுசுல வேலை செய்யாதுன்னுட்டாங்க."

"எங்க... உடைச்சுக் காட்டு."

காட்டினாள். நாலே நிமிஷம்!

"பலே! அப்ப உடைக்கத் தெரிஞ்ச ஆளு நீதான்."

போச்சு! தன் கையாலேயே தனக்கு விலங்கு மாட்டிக்கொண்டாள் ஹெலன்.

மேனேஜர் நத்தானியேல் அருகில் வந்தார். அவள் போகும் சர்ச்சுக்கே வருகிறவர்.

"அழாதம்மா. நான் பிரியாணி வாங்கப் போன நேரத்துல இப்படி ஆயிடுச்சே... கர்த்தர் கைவிடமாட்டாரு."

அந்தக் கனிவில் இன்னும் அழுகை வந்தது. அழுது முடித்தபிறகுதான் மூளை வேலை செய்தது. இன்ஸ்பெக்டரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். திரும்பி வந்து எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தாள்.

"ஃபேன் பெட்டிக்குள்ள ஒரு பதிவு இருக்கு. நிஜமா யாரோட மெஷின்னு அது சொல்லிடும். அஞ்சு மணிக்குத் திறக்கறேன்."

"நல்லதும்மா. நான் கார்ல உக்காந்து உனக்காக ஜெபம் பண்றேன்" என்றார் நத்தானியேல்.

நாலு இருபது.

ஊ... ஊ... ஊ...!

தொழிற்சாலைச் சங்கு அலறியது. ராமமூர்த்தி வெளியே பாய்ந்தார். சுவரை ஒட்டிய பிரியாணிக் கடை வாசலில் ஒரு கார். அவர் முன்பே அங்கே நிறுத்தியிருந்த மஃப்டி கான்ஸ்டபிள் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே நத்தானியேல்! மடியில் லேப்டாப்!

"இன்னாய்யா... ஜெபம் லேப்டாப்லயா?"

நத்தானியேல் லேப்டாப்பை மூடப் பார்த்தார்.

"ஃபேன், பம்ப் எல்லாத்தையும் டபிள்யூ.பி.ஏ. த்ரீங்கற புதுப் பூட்டுக்கு மாத்திட்டேன் சார்" என்றாள் ஹெலன். "பழைய வைஃபைல ஒரு போலிப் பதிவை மட்டும் விட்டு வெச்சேன். அழிக்கப் பாத்தா சங்கு ஊதும்."

நத்தானியேல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

"பாலாத்துல கழிவைத் திறந்து விட்டதை அந்தோணி பாத்துட்டான். பொல்யூஷன் ஆபீசருங்க கிட்ட சொல்றேன்னான்..."

"ஸ்கேனரைக் காட்டி வைஃபையை மாத்த விடாம நீங்க தடுத்தது இதுக்குத்தானா சார்?" என்றாள் ஹெலன்.

அவளுக்குத் தப்பித்த நிம்மதிகூட வரவில்லை. நாலாவது தடவையும் சொல்லிச் சண்டை போட்டிருந்தால் அந்தோணி அண்ணன் இருந்திருப்பாரே என்றே திரும்பத் திரும்பத் தோன்றியது.

ஜீப்பில் ஏறும்போது நத்தானியேல் முனகினார்.

"வக்கீலுக்கு ஒரு மெயில் அனுப்பணும் சார்... ஸ்டேஷன்ல நெட் கிடைக்குமா?"

ராமமூர்த்தி கதவை அறைந்து சாத்தினார்.

"எங்க லாக்கப்ல கொசு மட்டும்தான்யா கனெக்ட் ஆகும்!"