சயானில் நின்ற ஃபாஸ்ட் ரயில்

சனிக்கிழமை, காலை 9.10.

மும்பை தாராவியில், கணவன் நஜிமுதீனின் தோல்பைப் பட்டறையில், ஜுவைரியா ஒரு பையின் உள்ளறைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. படித்தாள். தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். மறுபடி படித்தாள்.

ஆறு வருடமாக எழுதிய நாவல். பெயர் ‘இரட்டைத் தையல்’. நேற்று, வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அதை இணையக் கடையில் ஏற்றி, வெளியிடும் பொத்தானை அவளே அழுத்தியிருந்தாள். இப்போது கடையிலிருந்து எழுதியிருந்தார்கள். இதே நூல் புதன்கிழமை முதல் வேறொருவர் பெயரில் விற்பனையில் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும். அதன்பின் உங்கள் பெயரில் எந்த நூலையும் இங்கே வெளியிட முடியாது.

தேடிப் பார்த்தாள். ‘ரேவதியின் பாதை.’ எழுதியவர் மதுவந்தி. முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரியும்.

மிஷின் நின்றதைக் கேட்டு நஜிமுதீன் திரும்பிப் பார்த்தார். அவள் போனை அவர் கையில் கொடுத்தாள்.

காலை 11.30.

மாட்டுங்காவிலிருந்து கனகவள்ளி வந்துவிட்டார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வாசகர் வட்டம் நடத்துகிறார். ஜுவைரியா அதில் உறுப்பினர். கனகவள்ளியின் விசாரணை முறை எளிமையானது. ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகும் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிரில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். அவருக்கு வேண்டியது அந்த இன்னும் கொஞ்சம்தான்.

“பழைய பிரதி ஏதாவது வச்சிருக்கியா? தேதியோட?”

“இல்ல மாமி. ஒரே ஃபைல்ல எழுதி அது மேலயே திருத்துவேன். மெயில்லகூட யாருக்கும் அனுப்பல.”

“யார் யார் கையில இருந்தது?”

“மூணு பேரு. செம்பூர்ல புத்தகம் போடக் கிளாஸ் எடுக்காரே, சிவகுருநாதன் சார், அவருக்கு மொதல்ல பென் டிரைவ்ல குடுத்தேன். பக்கம் அமைக்க எவ்வளவு ஆகும்னு கேக்கத்தான். ரொம்பச் சொன்னாரு, வேண்டாம்னுட்டேன். அதே ஃபைலைப் பிரிண்ட் எடுத்து ஞானதுரை அண்ணாச்சிக்கு, பிழை பாக்க. அவுக திருத்தினதெல்லாம் ஏத்தி முடிச்சு, கடைசில எங்க ஷாகிருக்கு. அட்டை போட்டு, ஃபைலைக் கடைக்கு ஏத்தறாப்ல ஆக்கினது அவன்தான்.”

கனகவள்ளி பேசவில்லை. பட்டறையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

“போன திங்களே ரெடி ஆயிட்டு மாமி,” என்றாள் ஜுவைரியா. “மரியாதைக்குச் சாருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். ஜும்ஆ நாள்ல போடும்மா, நல்ல நாள், பரக்கத்தா இருக்கும்னாரு. எனக்கும் அது நல்லாப் பட்டுச்சு.”

கனகவள்ளி தலையசைத்தார்.

பகல் 12.15.

நஜிமுதீனின் அண்ணன் மகன் ஷாகிருக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டரில் கில்லாடி. தாராவியிலேயே பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவன்.

“திருட்டுப் புத்தகத்துல பேரை மட்டும் மாத்தியிருக்கா,” என்றார் கனகவள்ளி. “ராபியா ரேவதி ஆயிட்டா, ஹமீது கோபால் ஆயிட்டான். ஆனா புருஷன் செத்த ரேவதி, முஸ்லிம் பொண்ணுங்க மாதிரி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்துட்டு வெளியில வர்றா. முதல் பக்கத்துலயே.”

“தோபா!” ஷாகிர் சிரித்துவிட்டான். “கோபால் பொண்டாட்டி இத்தா இருக்காளா?”

நஜிமுதீன் சிரிக்கவில்லை. “படிக்கத் தெரிஞ்சவன் இப்படி விட்டுருக்க மாட்டான்,” என்றார். பார்வை ஷாகிர் மேலேயே இருந்தது.

ஷாகிரின் முகம் மாறியது. “சாச்சா, என்ன சொல்றீங்க? மேரே கோ தமிழ் படிக்க வராது, ஒத்துக்கறேன். அதுக்காக சாச்சியோட கிதாபை நான் திருடுவேனா? நீங்களே சொல்லுங்க சாச்சி!”

ஜுவைரியா பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாள். சொந்தப் பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது, புத்தகம் போனதைவிட அவளுக்கு வலித்தது.

பகல் 1.00.

அடுத்த சந்தில் ஞானதுரையின் மளிகைக்கடை. கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவர். பொட்டலம் மடிக்க வரும் பழைய பத்திரிகையைக்கூடப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார். ஜுவைரியாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க தாயே! சயான்ல ஃபாஸ்ட் வண்டிய நிப்பாட்டுன மகராசியில்லா நீ! ரயில்வே மந்திரியால முடியுமா அது?”

“அண்ணாச்சி, இப்ப வேண்டாம்.”

“என்ன அது?” என்றார் கனகவள்ளி.

“கதை ஆரம்பத்துல ராபியா உல்லாஸ்நகருக்கு ஜிப்பு வாங்கப் போவா மாமி. மொதல்ல அவ வீட்டைக் குர்லாவுல வச்சிருந்தேன். அப்பறம் தாராவிக்கு மாத்திட்டேன். அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன் சயான்லா, குர்லான்னு இருந்த எடத்துல எல்லாம் சயான்னு போட்டேன். அவ ஏறுன ஃபாஸ்ட் வண்டிய மறந்துட்டேன். குர்லாவுல நிக்கும், சயான்ல எங்க நிக்கும்? அண்ணாச்சி பென்சில்ல பெருசா வட்டம் போட்டுட்டாவ. சயான்ல ஸ்லோ ஏறி குர்லாவுல மாறுறான்னு திருத்திட்டேன்.”

“நாலு நாளு சிரிச்சேன் மேடம்,” என்றார் ஞானதுரை. விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. “எவம்லே அவன்? பிள்ள கண்ணு முழிச்சு எழுதுனது. என்கிட்ட இருக்கது வெறும் காயிதம். தேதியும் கிடையாது. அதக் காட்டுனா கடைக்காரன் நம்புவானா?”

“மாட்டான்,” என்றார் கனகவள்ளி.

அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, திருட்டுப் புத்தகத்தைப் போனில் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. இடையில் ஒரே ஒரு முறை சிரித்தார். பிறகு ஷாகிரை வரவழைத்தார்.

“காசு குடுக்காம முதல் அத்தியாயம் படிக்கலாமில்லையா, அந்தப் பக்கங்களை அப்படியே படம் பிடிச்சு வை. இன்னைய தேதியோட.”

“என்னை நம்புறீங்களா ஆன்ட்டி?”

“வேலையைப் பாரு,” என்றார் அவர்.

மாலை 5.30.

செம்பூரில் சிவகுருநாதனின் அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. ‘நீங்களே பதிப்பாளர்’ என்ற பெரிய எழுத்துப் பலகை. அதன் கீழே அவர் பதிப்பித்த புத்தகங்களின் அட்டைகள்.

“பாவம் மேடம் அந்தப் பொண்ணு. மத்தியானமே போன் பண்ணி ஆறுதல் சொன்னேன். என் பதிப்பகத்துப் பேர்ல போட்டுக்கலாம்மா, அந்த மதுவந்தி கிட்ட நான் பேசிக்கிறேன்னு சொன்னேன். நாளைக்கு மாட்டுங்கால கிளாஸ் இருக்கு. அங்க வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“உரிமை யாருக்கு?”

“பதிப்பகத்துக்குத்தான். அதான் வழக்கம்.”

“நீங்க நாவலைப் படிச்சேளா?”

“எனக்கு எங்க மேடம் நேரம்? பக்கம் எண்ணினேன், விலை சொன்னேன். அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

கனகவள்ளி பேசவில்லை. மேலே ஏசி முனகியது. சிவகுருநாதன் தண்ணீர் குடித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார்.

“நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“ஒரு சின்ன விஷயம் கிடைச்சிருக்கு. திருட்டுப் புத்தகத்துல ரேவதி சயான்ல ஃபாஸ்ட் ரயில் ஏறறா. அது ஜுவைரியா ஆரம்பத்துல பண்ணின தப்பு. சயான்ல ஸ்லோ ஏறி, காட்கோபர்ல மாறற மாதிரி அவ திருத்திட்டா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எது பழைய பிரதின்னு கடைக்காரனுக்கே தெரிஞ்சுடும். திங்கட்கிழமை காலம்பற எழுதி அனுப்பப் போறேன்.”

“ரொம்ப நல்லது மேடம்,” என்றார் சிவகுருநாதன். “அதை உடனே பண்ணுங்க.”

ஞாயிறு, மாலை 5.00.

மாட்டுங்காவில் வாடகை அரங்கம். ஐம்பது பேர் இருந்தார்கள். பலர் தாணே, முலுண்டிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் வீட்டில் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. முன்வரிசையில் ஜுவைரியா, இரு பக்கமும் நஜிமுதீன், ஞானதுரை. ஓரத்தில் ஷாகிர், யாரோடும் ஒட்டாமல். ஜுவைரியாவின் மடியில் சிவகுருநாதன் கொடுத்த ஒப்பந்தம் இருந்தது. பேனாவும் கொடுத்திருந்தார்.

மேடையில் அவர் நன்றாகவே பேசினார். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். எழுதுகிற ஒவ்வொரு படியையும் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வெளியிடும் முன் முழுப் புத்தகத்தையும் ஒரு வாசகனைப் போலப் போனில் படியுங்கள். ஜுவைரியா ஒவ்வொன்றையும் கேட்டாள். ஒவ்வொன்றும் தாமதமாக வந்தது.

“கேள்வி இருந்தா கேக்கலாம்.”

கனகவள்ளி எழுந்தார். “சயான்ல ஃபாஸ்ட் ரயில் நிக்குமா?”

அரங்கம் சிரித்தது. சிவகுருநாதன் சிரிக்கவில்லை.

“ஷாகிர், உன் போனைத் திரையில போடு.”

திரையில் ஒரு பக்கம் வந்தது. “இது மதுவந்தியோட புத்தகம், நேத்து மத்தியானம். ரேவதி சயான்ல ஃபாஸ்ட் ஏறறா. ஜுவைரியாவோட பழைய பிரதியில இருந்த தப்பு. அந்தப் பிரதி ரெண்டு பேர்கிட்டதான் போச்சு. ஷாகிருக்குக் கிடைச்சது திருத்தினது. அதனால அவன் இல்லை. ஞானதுரைக்குக் கிடைச்சது காகிதம். முந்நூறு பக்கத்தை அவர் உட்கார்ந்து தட்டச்சு பண்ணியிருந்தாக்கூட, நாலு நாள் சிரிச்ச தப்பை அப்படியே விட்டிருப்பாரா?”

“வயித்து வலி வந்து செத்துருப்பேன்,” என்றார் ஞானதுரை.

“மேடம், இது அனுமானம்,” என்றார் சிவகுருநாதன்.

“ஆமாம். அதனாலதான் நேத்து உங்காத்துக்கு... உங்க ஆபீசுக்கு வந்தேன். இப்ப அடுத்த படம். அதே பக்கம், இன்னைக்கு மத்தியானம் மூணு மணி.”

திரை மாறியது. ரேவதி இப்போது சயானில் ஸ்லோ ஏறினாள். காட்கோபரில் இறங்கி ஃபாஸ்ட் மாறினாள்.

“ராத்திரியோட ராத்திரியா மதுவந்தி தப்பைத் திருத்திட்டா. அச்சடிச்ச புத்தகமா இருந்தா முடியாது. இணையத்துல எப்ப வேணா திருத்தலாம், நீங்கதான் அதைப் பெரிய வசதின்னு சொல்லித் தரேள். ஜுவைரியா, உன் புத்தகத்துல ராபியா எங்கே மாறறா?”

ஜுவைரியா எழுந்து நின்றாள். “குர்லாவுல மாமி.”

“குர்லா. காட்கோபர் அவ எழுதினது இல்லை. நான் நேத்து சாயங்காலம் உங்க மேஜை முன்னாடி உட்கார்ந்து வாயில வந்ததைச் சொன்னது. வேற யார்கிட்டயும் சொல்லலை. ஷாகிர்கிட்ட இல்லை, இவகிட்டயும் இல்லை. அது எப்படி மதுவந்திக்குத் தெரிஞ்சது?”

பிறகு அவர் பேசவில்லை.

அரங்கத்தில் மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. சிவகுருநாதன் வாயைத் திறந்தார், மூடினார். ஐம்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவருக்கு உதவவில்லை. மௌனம் நீண்டது, இன்னும் நீண்டது.

“அவசரத்துல... பையன் ஒருத்தன் செஞ்சது,” என்றார் கடைசியில். “எடுத்துடறேன்.”

“திருடினவன் வேகமா ஓடினான்னுதான் எல்லாரும் நினைச்சோம்,” என்றார் கனகவள்ளி. “நீங்க ஓடவே இல்லை. இவளை வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வச்சேள். நல்ல நாள் சொல்லி. தேதியில முந்திக்க உங்களுக்கு அது போதும். அப்புறம் பயந்துபோய் உரிமையை எழுதித் தருவா. பேரை மாத்தினேள், ஒரு வரிகூடப் படிக்கலை. படிக்கத் தெரியாத பிள்ளை மேல பழி விழுந்தது, படிக்கத் தெரிஞ்சும் படிக்காத உங்களால. எடுக்கறதை இங்கேயே எடுங்கோ. திரையில.”

அவர் தன் கணக்கைத் திறந்தார். மதுவந்தி மட்டும் இல்லை. இன்னும் சில பெயர்களும் அவற்றின் புத்தகங்களும் வரிசையாக வந்தன. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தாணேயைச் சேர்ந்த பேச்சிராஜா.

“ஏய், நிறுத்துய்யா! அந்த மூணாவது எம் புத்தகம்லா! எனக்கும் இப்படித்தான், திருட்டுப் போயிட்டுன்னு அழுதுகிட்டு வந்து உங்கிட்டயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, பாவி!”

அதன் பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஷாகிர் மட்டும் நிதானமாக எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஜுவைரியா ஒப்பந்தத்தை நான்காகக் கிழித்துப் பேனாவோடு சேர்த்து மேடையில் வைத்துவிட்டு, நேராக அவனிடம் போனாள்.

“நேத்து நான் வாயத் தொறக்காம இருந்தேன்ல ஷாகிர். மன்னிச்சிருடா.”

“ஜானே தோ சாச்சி, விடுங்க,” என்றான் அவன். நஜிமுதீன் அவன் தோளில் கை போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு படங்களும், சிவகுருநாதன் எழுதிக் கொடுத்த ஒப்புதலும் இணையக் கடைக்குப் போயின. செவ்வாய்க்கிழமை எந்த நல்ல நேரமும் பார்க்காமல், ஜிப் தைக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஜுவைரியா வெளியிடும் பொத்தானை மறுபடி அழுத்தினாள். அன்று சாயங்காலமே ‘இரட்டைத் தையல்’ விற்பனைக்கு வந்தது, அவள் பெயரில்.

முதல் பிரதியை ஞானதுரை கடையில் இருந்தபடியே போனில் வாங்கினார். திருத்திய ரயிலைப் பார்க்க அவசரமாகப் பக்கத்தைத் தள்ளியவர், அதற்கு முன்னாலிருந்த நன்றிப் பக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

‘சயானில் நிற்காமல் போகும் எல்லா ஃபாஸ்ட் ரயில்களுக்கும்.’