தள்ளாடினால் தண்ணீர் மட்டும்

"பத்துக்கு ஒன்பது மார்க்," என்றாள் மார்லிஸ். "எந்திரிங்க ஆர்விட். தரையெல்லாம் பனி ஈரம்."

ஆர்விட் எழுந்திருக்கவில்லை.

பாரின் நட்டநடுவில், மல்லாந்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையையே வெறித்துக்கொண்டு கிடந்தார்.

"போன தடவை அஞ்சு மார்க்தான் தந்தேன். இன்னிக்கி அசத்திட்டீங்க. போதும்..."

கவுண்டரின் கோடியில் பொரித்த சீஸ் துண்டுகளை மென்றுகொண்டிருந்தார் எல்ராய். ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர். மெல்லக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா மார்லிஸ்... நடிக்கறவன் மூச்சு விடுவானில்ல?"

அவள் கையிலிருந்த துணி நழுவியது.

விஸ்கான்சினில் அந்த ஏரியைச் சுற்றி மூன்று ஊர்கள். ஹெரன் பே, ஸ்டோவர், நியூ ஊப்சலா. ரோட்டுப் பனியைத் தள்ளும் வண்டிகூட ஊர் எல்லை வந்ததும் அடுத்த ஊர்ப் பனியைத் தொடாமல் திரும்பிப் போகும். அவ்வளவு பாசம்!

அப்பேர்ப்பட்ட மூன்று ஊர் கவுன்சில்களும் பத்து வருஷம் கூடிக் கூடிப் பேசி ஒரு பொது விதி போட்டன. மது ஊற்றிக் கொடுக்கிற எல்லோருக்கும் ஒரே பயிற்சி, மூன்று ஊருக்கும் ஒரே சான்றிதழ். தள்ளாடி வருகிறவனுக்கு மது கிடையாது. தண்ணீர் கொடு, டாக்சியைக் கூப்பிடு, நோட்டில் எழுது.

விதியை மதிக்கிறார்களா என்று பார்க்க, போதை ஏறியவன் போல நடிக்க ஓர் ஆள்.

அதுதான் ஆர்விட். முன்னாள் பள்ளிக்கூட நாடக வாத்தியார்.

அவருக்கு ஒரு தடவை ஊற்றினால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை ஊற்றினால் மூன்று ஊரிலும் சான்றிதழ் ரத்து. மார்லிஸ் போன மாதமே ஒரு தடவை மாட்டியிருந்தாள். பகலில் ஹெரன் பேயில் ஒரு பார், சாயந்திரம் ஸ்டோவரில் இன்னொரு பார் என்று அவளுக்கு இரண்டு வேலை. சான்றிதழ் போனால் இரண்டும் போச்சு. வேறு வேலை தேட எழுபது மைல் வண்டி ஓட்ட வேண்டும்.

அதனால்தான் இன்று கல்லாய் நின்றாள்.

அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார் ஷெரீப் ஆபீஸ் டிடெக்டிவ் ஸ்டென்ருட். கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எத்தனை ரவுண்டு ஊத்தினே?"

"ஒரு சொட்டுகூட இல்ல சார். நோட்டைப் பாருங்க."

படித்தார். 'பன்னிரண்டு நாற்பது. தள்ளாட்டம். நாக்கு குழறல். வியர்வை. மது வாடை இல்லை. தண்ணீர் கொடுக்கப்பட்டது. டாக்சி அழைக்கப்பட்டது.'

"வாடையே இல்லாத குடிகாரனா?"

"நடிப்புன்னு நினைச்சேன் சார்."

"அந்த ஆளு ஒண்ணும் பேசலையா?"

மார்லிஸ் தரையைப் பார்த்தாள்.

"டாக்டரைக் கூப்பிடுன்னார்... ரெண்டு தடவை."

"கூப்பிட்டியா?"

"வகுப்புல சொன்னாங்க சார். டெஸ்ட் பண்றவர் நெஞ்சுவலிம்பார், டாக்டர் வேணும்பார், நம்பாதே, ஏமாந்தா ஃபெயில்னு..."

மேலே பேச முடியாமல் அழுதாள். நோட்டில் ஒரு குறையும் இல்லை. சட்டப்படி, சுத்தமாக, ஒரு மனிதரைச் சாகவிட்டிருக்கிறாள்.

ஸ்டென்ருட் செல்போனை எடுத்து நாலு இடத்துக்குப் பேசினார். காலையிலிருந்து ஆர்விட் இன்னும் இரண்டு பார்களில் தள்ளாடியிருக்கிறார். இரண்டிலும் தண்ணீர், டாக்சி, நோட்டு. வந்த டாக்சிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த பாரில் வேலை பாக்கியிருக்கிறது என்று தானே நடந்திருக்கிறார். கடமை தவறாத மனுஷர்!

பிறகு ஸ்டென்ருட் செத்தவரின் பாக்கெட்டில் கைவிட்டார். நாலாக மடித்த காகிதம் வந்தது. பிரித்துப் படித்தார்.

"இன்னிக்கி சாயந்திரம் மூணு ஊர் கூட்டத்துல படிக்க வேண்டிய அறிக்கை. 'இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டு பார்களுக்குப் போனேன். முப்பத்தைந்தில் கேட்டதும் ஊற்றினார்கள். இந்தப் பயிற்சியால் காலணா பிரயோஜனமில்லை.'"

"ஏம்மா, எல்லாரும் ஏன் இப்படி ஊத்தித் தள்ளினீங்க?" என்றார் எல்ராய்.

"பாவமா இருக்கும். அழற மாதிரி நடிப்பார்," என்றாள் மார்லிஸ்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் கிளேட்டன். மூன்று ஊருக்கும் பாடம் நடத்தும் பயிற்சியாளன். பளபளக்கும் பூட்ஸ், பளபளக்கும் சிரிப்பு.

"கேள்விப்பட்டு ஓடியாந்தேன். ஐயோ பாவம் ஆர்விட். வயசாச்சு, இதயம் தாங்கல." உடனே மார்லிஸ் பக்கம் திரும்பினான். "ஆனா நீ பிரமாதம் மார்லிஸ். இன்னிக்கி மட்டும் மூணு பார், மூணு மறுப்பு. நூத்துக்கு நூறு. பாடம் வேலை செய்யுதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

பிணம் கிடக்கும்போது மார்க் போடுகிறான்!

மார்லிஸ் அவனையே பார்த்தாள். குடித்தவனைக் கண்டுபிடிக்க அவன் சொல்லிக் கொடுத்தபடியே பார்த்தாள். நெற்றியில் வியர்வை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறான். விரல்கள் நடுங்குகின்றன. வாடை மட்டும் இல்லை.

"டாக்டர் கேட்டா நம்பாதேன்னு வகுப்புல எப்ப சேர்த்தீங்க?"

"அது... போன செவ்வாக்கெழமை. மூணு கவுன்சிலும் கைதூக்கிச்சே."

"அவங்க எதைத்தான் படிச்சுப் பாத்துக் கைதூக்கினாங்க?" என்றார் எல்ராய்.

கிளேட்டனின் பார்வை ஆர்விட் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் போனது. அங்கே ஒரு பச்சை ப்ளாஸ்க்.

"அது என்னுது. காலையில அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். எடுத்துக்கறேன்."

"தாராளமா," என்று மார்லிஸ் முந்திக்கொண்டு ப்ளாஸ்கை எடுத்தாள். "மீதிக் காபி வீணாப் போகுதே. டிடெக்டிவ் சார் குளிர்ல வந்திருக்காரு."

கவுண்டருக்குக் கீழே குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் ஆவி பறக்கும் கோப்பை. ஸ்டென்ருட் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு கணம் அவள் கண்ணைப் பார்த்தார். கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்...

"குடிக்காதீங்க!"

கிளேட்டனின் கை பாய்ந்தது. கோப்பை தெறித்து விழுந்தது.

"ஏன் குடிக்கக் கூடாது?" ஸ்டென்ருட்டின் குரல் மெல்ல வந்தது. "இதயம்தான் தாங்கலைன்னீங்க?"

பளபளப்பு மொத்தமும் வடிந்துவிட்டது.

"அது எங்க அடுப்பங்கரைக் காபி சார்," என்றாள் மார்லிஸ். "ப்ளாஸ்கோட மூடியை நான் தொடவே இல்ல."

விலங்கு மாட்டும்போது கிளேட்டன் புலம்பினான். "பதினோரு ஊரு சார்... இன்னிக்கி கூட்டத்துல இன்னும் பதினோரு ஊரு என் பாடத்துல சேர்றதா இருந்துச்சு. அந்தக் கிழவன் ஒரே காகிதத்துல கெடுக்கப் பாத்தான்..."

கூட வந்த போலீஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போய் காரில் ஏற்றினார்கள்.

எல்ராய் கைதட்டினார். ஸ்டென்ருட் தொப்பியைத் தொட்டார். மார்லிஸுக்கு வெகுநேரம் கழித்து மூச்சு நேராக வந்தது. வேலை தப்பியது. ஆர்விட்டுக்கு ஏதோ ஒரு கணக்கில் நியாயம் கிடைத்தது.

ஸ்டென்ருட் வாக்குமூலங்களை எழுதி முடிப்பதற்குள் செய்தி மூன்று ஊருக்கும் பரவி, பாரின் போன் மணியடித்தது.

எடுத்தாள். கேட்டாள். முகம் வெளுத்தது.

"என்னாச்சு?" என்றார் ஸ்டென்ருட்.

"கவுன்சில் செயலாளர். பயிற்சியாளர் கைதானா, அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எதுவும் செல்லாதாம். மூணு ஊர்லயும்... இந்த நிமிஷத்துலேர்ந்து. நூத்தி நாப்பத்திமூணு பேரு."

"இன்னிக்கி வெள்ளிக்கெழமை!" எல்ராய் அலறினார். "ராத்திரி மீன் வறுவலுக்கு ஊரே பாருக்கு வரும். பிராந்தி இல்லாம எவன் மீன் தின்பான்?"

"வேற பயிற்சியாளரை வச்சு பாடம் நடத்த வேண்டியதுதானே?" என்றார் ஸ்டென்ருட்.

"மூணு ஊரும் ஒத்துக்கிட்டது ஒரே பேரை சார். அந்தப் பேருக்கே ஆறு வருஷம் ஆச்சு. அதனால அவசரக் கூட்டம் போட்டு பத்தே நிமிஷத்துல ஏகமனதா முடிவெடுத்துட்டாங்களாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மாவட்ட ஜெயில்ல வகுப்பு. அவரேதான் நடத்தறாராம்."

"கொலைகாரனா?"

"அதையும் கேட்டேன். சான்றிதழைப் பொறுத்தவரை அவர் குற்றவாளியாம். பாடத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு வர்ற வரைக்கும் நிரபராதியாம்."



மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் பின்சீட்டில், விலங்கு பூட்டிய கைகளோடு, கிளேட்டன் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"வகுப்புக்குப் போறேன் சார். வேற வழி?" என்றாள். "ஆனா நீங்களே சொல்லுங்க... என்னை அவன் பாஸ் போடுவானா?"