இரண்டாம் பக்கம்

துடைக்கத் துடைக்க அந்த ரெக்கார்டில் ஒரு சத்தம் கூடிக்கொண்டே போனது. தூசி போனால் கரகரப்பு குறையும் என்றுதான் ரோஸ்லினுக்குத் தெரியும். கரகரப்பு குறைந்துதான் இருந்தது. பாட்டுக்கு அடியில் இருந்த வேறொன்று இப்போது நன்றாகக் கேட்டது. டங். கொஞ்சம் விட்டு, டங்.

முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும்.

நாத்தனார் ஜோஸ்பின் செத்து இன்றோடு ஒரு வருஷம். வில்லியனூர் மாதா கோயிலில் சாயங்காலப் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். "எங்கக்காவுக்கு அந்த மாதா பாட்டு ரெக்கார்டுன்னா உசுரு. ரெண்டு பக்கமும் போடணும். நல்லா தொடச்சி வையி" என்று சொல்லிவிட்டு, அவள் புருஷன் ஆண்டனி மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தான். அக்காவின் உயிர் தூக்கத்திலேயே போய்விட்டது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அப்படிச் சொன்னது ரோஸ்லின்தான்.

வெளியே மழை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, வெல்வெட் துணியை நனைத்துப் பிழிந்து, நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஈரம் படாமல், கோடுகளின் போக்கிலேயே வட்டவட்டமாகத் துடைத்தாள். பூஞ்சை பிடித்த அட்டை உறை ஃபேனுக்குக் கீழே காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய வாடை, தைலமும் மூத்திரமும் கலந்த உள்ளறை வாடையாகவே இருந்தது. பினாயில் ஊற்றி எத்தனை தடவை கழுவிய அறை அது!

படுத்த படுக்கையான பிறகு ஜோஸ்பினுக்கு வலது கை ஒன்றுதான் அசையும். ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் இரும்புக் கட்டிலில் தட்டுவாள். ராத்திரி பகல் கிடையாது. அன்றைக்கு மத்தியானம் ரோஸ்லினுக்குச் சீ என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கிடக்கட்டுமே என்று ஜோஸ்பினின் ரெக்கார்டையே எடுத்துச் சத்தமாக வைத்தாள். முதல் பக்கம் முடிந்தபோது டம்ளர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது, வேகவேகமாக. அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். பாவி, போகவில்லை. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டாம் பக்கம் முடிந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி துடைத்து முள்ளை வைத்தாள். பாட்டு. டங். டங். இப்போது மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "ரோஸ்லி... தண்ணி..."

"ஐயோ அண்ணி, தெரியாம செஞ்சுட்டேன்."

பொய். தெரிந்துதான் செய்தாள்.

போன் அடித்தது. ஆண்டனி. "இன்னா, ரெடியா? வூட்டுக்குப் பக்கத்துல வந்துட்டேன்." அப்புறம், "பின்னால இன்னா டம்ளர் தட்டுற சத்தம்?"

போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். கோடுகளுக்குக் குறுக்கே தேய்த்தாள். விரல் எரிய எரிய. ரெக்கார்டு வெள்ளை பாய்ந்து சொரசொரத்தது. முள்ளை வைத்தாள்.

பாட்டு போயிருந்தது. பாட்டு மட்டும்.

டங். டங். டங்.

பிடுங்கினாள். முழங்காலில் வைத்து உடைத்தாள். பிளக்கையும் உருவினாள்.

அமைதி.

கேட் திறந்தது. நனைந்த தலையோடு ஆண்டனி உள்ளே வந்தான்.

டங்.

உள்ளறையிலிருந்து. கட்டிலைத் தூக்கிக் கொடுத்து ஒரு வருஷமான அறை.

பழக்கத்தில் அவன் பையைக் கீழே வைத்தான். சொம்பில் தண்ணீர் மொண்டான். "இதோ வந்துட்டேங்க்கா" என்று இரண்டடி போனான். அப்புறம்தான் நின்றான்.

"நீ வேணாம்டா தம்பி." மூடிய கதவுக்குப் பின்னால் ஜோஸ்பினின் குரல். "அன்னிக்கி தட்டுனப்ப கேட்டும் அவ வரல பாரு. அவள அனுப்பு."

ஆண்டனி திரும்பினான். உடைந்த துண்டுகளைப் பார்த்தான். அவள் காலடியில் கிடந்த கம்பி நாரைப் பார்த்தான்.

சொம்பை அவளிடம் நீட்டினான்.