சூடாக வந்த கஞ்சி

மட்டாஞ்சேரியில் பாக்கியத்தின் வீட்டில் எப்போதும் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். குடிப்பதற்கு இல்லை, துணிக்குப் போடுவதற்கு. அவள் அப்பா ராக்கப்பன் சலவைத் தொழிலாளி. ஆறிய கஞ்சி வேட்டியில் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால் அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அதனால்தான், "நாளைக்குச் சோதனை செய்யக் கொஞ்சம் கஞ்சி கொண்டுவா மோளே" என்று மலையாளம் கலந்து பேசும் கமலாக்ஷி டீச்சர் சொன்னபோது, பாக்கியம் அதைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்குச்சட்டியில் ஊற்றி, பழந்துணி சுற்றி எடுத்துப்போனாள்.

டீச்சர் ஆவி பறக்கும் கஞ்சியைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார்.

"இதில யாராவது எச்சில் துப்பணும். நம்ம எச்சில்ல நொதின்னு ஒண்ணு உண்டு. அது கஞ்சியில உள்ள மாவுச்சத்த உடைச்சுப்போடும். பின்ன அயோடின் விட்டா கறுக்காது."

எல்லோரும் நெளிந்தார்கள். புதிதாகச் சேர்ந்த வேலன் மட்டும் எழுந்து வந்து துப்பினான். அவன் அப்பா கட்டட வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து வந்தவர். வகுப்பில் அவன் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

பாடம் முடியும்போது டீச்சர் அயோடின் விட்டார். குழாய் மை கொட்டியதுபோலக் கறுத்தது.

"இது எந்தா இப்படி?" என்று டீச்சர் யோசிப்பதற்குள் மணி அடித்தது.

"அவன் எச்சிலுக்குச் சத்தில்ல டீச்சர்," என்றான் வெங்கிடராமன்.

களுக்கென்று முதலில் சிரித்தது பாக்கியம்தான். பிறகு வகுப்பே சிரித்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மதியத்துக்குள் வேலனுக்கு 'சத்தில்லாதவன்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. பாக்கியத்துக்கு ஏன்தான் சிரித்தோமோ என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒரு டம்ளர் சுடுகஞ்சி எடுத்து, அதில் தானே துப்பினாள். ஆறும்வரை காத்திருந்து, காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினைச் சொட்டு விட்டாள். கறுத்தது.

"என்ன கூத்து இது?" என்றார் அப்பா.

"எனக்கும் சத்தில்லப்பா."

தூக்குச்சட்டியின் அடியில் காலைக் கஞ்சி கொஞ்சம் ஆறிக் கிடந்தது. அதில் பாதியில் துப்பி வைத்தாள். பாதியைச் சும்மா வைத்தாள். பிறகு இரண்டிலும் சொட்டு விட்டாள். சும்மா இருந்தது கறுத்தது. துப்பியது கறுக்கவில்லை. அப்படியென்றால் கெடுத்தது சூடுதான்.

மறுநாள் வகுப்பில் பாக்கியம் எழுந்து நின்றாள்.

"டீச்சர், வேலன் எச்சில்ல குறையில்ல. நான்தான் கஞ்சியச் சூடா கொண்டாந்தேன். முதல்ல சிரிச்சதும் நான்தான்."

அவள் செய்து பார்த்ததைக் கேட்டதும் டீச்சர் தலையில் கை வைத்தார். "சரிதான். அத்தனை சூட்டில நொதி கெட்டுப்போகும். அது ஆறட்டும்னு விடாதது என் தப்பு."

ஆறிய கஞ்சியில் வேலனே மறுபடி துப்பினான். இந்தத் தடவை கறுக்கவில்லை. வகுப்பு கைதட்டியது. வேலன் சிரிக்கவில்லை.

மதியம் பாக்கியம் அவனிடம் போனாள். "மன்னிச்சுக்க வேலா."

"வெங்கிடராமன் சொன்னது எனக்குப் பெரிசில்ல," என்றான் வேலன். "இங்க எங்கிட்டப் பேசுறது நீ ஒருத்திதான். நீ சிரிச்சிட்டியே."

பாக்கியத்துக்குக் கண் நிறைந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

வேலன் நகர்ந்து இடம் விட்டான். அன்று இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.