புன்னை மரத்தை மொட்டையடித்தவர் யார்?

துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்த தாவரவியல் பேராசிரியை கதவையும் தட்டவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை.

"சார், என் புன்னை மரத்தை எவனோ மொட்டையடிச்சுட்டான்! மூணு நாள் காய்ச்சல்ல படுத்துட்டு இன்னிக்குக் காலேஜுக்கு வந்து பாத்தா, வெறும் குச்சியா நிக்குது!"

மூலையிலிருந்த துப்பறிவாளரின் மச்சினன் துள்ளி எழுந்தான். அக்கா வீட்டுக்காரரிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து காணாமல் போன பூனைகளைத் தேடியே அவன் கால் தேய்ந்திருந்தது. இது நிஜமான குற்றம் அல்லவா!

"மரம்தானே, திரும்பத் துளிர்க்காதா?" என்றார் துப்பறிவாளர் நிதானமாக.

"அதுக்கு நேரம் ஏது சார்? சாயங்காலம் நகரசபை அதிகாரி வர்றாரு. எங்க காலேஜ் தோப்புல இருபது வகை மரம் இருந்தா யாரும் கை வைக்க முடியாது. ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு, காலேஜ் முதல்வர் மொத்தத்தையும் வெட்டிட்டு கார் நிறுத்த இடம் கட்டிடுவாரு. புன்னை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பட்ட மரத்தை அவங்க கணக்குல சேக்க மாட்டாங்க."

மூவரும் கல்லூரித் தோப்புக்குப் போனார்கள். புன்னை ஆளுயரத்துக்குச் சற்று மேல்தான் வளர்ந்திருந்தது. சுற்றியிருந்த மற்ற மரங்கள் தழைத்து நின்றன. இதில் மட்டும் ஓர் இலை இல்லை. தரையிலும் உதிர்ந்தது, பூச்சி கடித்தது என்று ஒன்றும் கிடக்கவில்லை. உச்சிக் கிளை நுனியில் மட்டும் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மச்சினன் தடயம் போடும் கவரை எடுத்துக்கொண்டு எட்டிக் கை நீட்டினான். கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"தொடாதே மாப்ளே!"

"தடயம் அத்தான்..." என்று முனகியபடி கையைத் தேய்த்துக்கொண்டான். அவனுக்கு முதல்வர் மேல்தான் சந்தேகம். மனுஷன் அப்போதே அளவு நாடாவும் கையுமாகத் தோப்பில் நடந்துகொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஒரு கேஸா?" என்று குறுக்கே வந்தார் கேன்டீன்காரர். "பலகாரம் மடிக்க வெச்சிருந்த பழைய பேப்பர் அத்தனையும் காணோம். அதைக் கண்டுபிடிங்க சார்!"

"எங்க லைப்ரரில ஒரு அதிசயம்" என்றார் கூடவே வந்த நூலகர், பெருமை தாங்காமல். "வருஷக்கணக்கா தூசி படிஞ்சு கிடந்த தலகாணி தலகாணியா அகராதிங்க. பசங்க ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டாங்க!"

துப்பறிவாளர் முதன்முறையாகச் சிரித்தார். முதல்வர் உட்பட நால்வரையும் மரத்தடிக்கு அழைத்தார்.

"மேடம், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி பசங்களுக்கு என்ன வேலை கொடுத்தீங்க?"

"ஒரு இலையைப் பதப்படுத்தித் தாள்ல ஒட்டிட்டு வரச் சொன்னேன். வழக்கமா கொடுக்கறதுதான். இன்னிக்குக் கொடுக்கணும்."

"எந்த இலை?"

"காலேஜ்லயே அபூர்வமான மரத்தோட இலைன்னா ரெட்டை மார்க்குன்னு..." பேராசிரியை மொட்டை மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பூச்சின்னா கடிச்ச மிச்சம் இருக்கும். மரத்தைக் கொல்ல நினைச்சவன் கிளையை ஒடிச்சிருப்பான். இங்க ஒவ்வொரு இலையும் காம்போட பதமா பறிச்சிருக்கு. இலையை வைக்கப் பேப்பர் வேணும், மேல பாரத்துக்குத் தடியான புத்தகம் வேணும். உங்க பிள்ளைங்க ஒருத்தர் விடாம நீங்க சொன்னதைக் கேட்டிருக்காங்க மேடம்."

"அடப்பாவிங்களா! நான் சொல்லி ஒரு நாளும் கேக்காதவங்க!" பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல்வருக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து அதிகாரியும் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்து முடித்து, கடைசியில் புன்னையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தொன்பதுதான் தேறுது. இது பட்டுப்போச்சே!"

துப்பறிவாளர் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சைப்பசேலென்று இருந்தது. பிறகு கிளை நுனியை மெல்ல வளைத்துக் காட்டினார். ஒன்றையொன்று கட்டிக்கொண்டு இரண்டு பிஞ்சு இலைகள் விரியக் காத்திருந்தன.

"அட, துளிர்க்குதே!" என்றார் அதிகாரி. "அப்ப இருபது."

முதல்வர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பேராசிரியை அழுதுகொண்டே சிரித்தார்.

மச்சினன், தான் பறிக்கப் போன அந்தத் துளிரை நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தோப்பையே கவரில் போட்டு எடுத்துப் போகப் பார்த்தோமே! காலிக் கவரைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்காரரை நெருங்கினான்.

"அத்தான், இன்னொரு அடி வேணும்னாலும் அடிச்சுக்கோங்க."