வெள்ளைக் கட்டங்கள்

படுக்கையின் நீல விரிப்பில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. தபால் தலை அளவுதான். பென்சிலால், நான்கு மூலையும் கச்சிதமாக, யாரோ பொறுமையாக வரைந்த கட்டம்.

காலையிலிருந்து லேசர் அறைக்குள் சரவெடியைத் தவிர யாரும் நுழையவில்லை. அவளோ வெள்ளைப் பென்சிலைத் தொட்டு மூன்று மாதம் இருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயரை அந்தத் தோல் மருத்துவமனையின் வருகைப் பதிவேடு மட்டுமே நினைவில் வைத்திருந்தது. மற்றவர்களுக்கு அவள் சரவெடி. இரண்டு கால் முடியை எடுக்க மற்றப் பெண்கள் ஒரு மணி நேரம் திணறும்போது, இவள் லேசரால் படபடவென்று சுட்டு இருபதே நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிடுவாள். ஒரு கரடியைக் கொண்டுவந்து படுக்கவைத்தாலும் சரி, டீ ஆறுவதற்குள் அது வழவழவென்று வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போகும்.

வேகத்தின் ரகசியம் எளியது. சுடுவதற்கு முன் தோலில் வெள்ளைப் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். கட்டத்துக்கு ஒரு சூடு, அவ்வளவுதான். சுட்ட இடத்திலேயே மறுபடி சுட்டால் தோல் வெந்துவிடும். சரவெடி வரைவதில்லை. "என் கண்ணே ஸ்கேலுதான்" என்பாள்.

அந்த ஸ்கேல் போன மாதம் ஒரு டீச்சரின் கன்னத்தில் பிசகியது.

"சுடுதும்மா... ரொம்பச் சுடுது" என்றாள் டீச்சர், கண்களை மூடிய கவசத்தோடு மல்லாந்து கிடந்தபடி.

"அப்படித்தான் இருக்கும்க்கா. பல்லைக் கடிச்சுக்கோங்க."

மறுநாள் கன்னங்கள் கொப்பளித்தன, பிறகு கருத்துப்போயின. சரவெடி டீச்சரின் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தாள்: எச்சரித்தும் வெயிலில் போயிருக்கிறார்.

இன்று சரவெடி கட்டம் விழுந்த விரிப்பை உருவிப் போட்டுப் புதிதாக ஒன்றை விரித்தபோது, வரவேற்பில் இருக்கும் பெண் தலையை நீட்டினாள்.

"ஏய் சரவெடி, அந்த டீச்சர் லைன்ல இருக்காங்க. அழறாங்கடி."

டீச்சரின் குரல் நைந்து போயிருந்தது. "ஒட்டிக்கிற நோய்னு சொல்லி ஸ்கூல்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்கம்மா. மெஷின் சுட்ட காயம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. கேஸெல்லாம் போட மாட்டேன். என் வேலை எனக்குத் திரும்பக் கிடைச்சாப் போதும்."

அந்த ஒரு வரியில் சரவெடியின் வேலை போய்விடும். "வெயில்தான் டீச்சர்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

"நிஜமாவே வெயில்தானா?" வரவேற்புப் பெண் கேட்டாள்.

"வெயில்தான்டி. என் கை மேலயே சந்தேகமா?"

"சந்தேகம் இருக்கட்டும். கை மேல என்னத்தக் கிறுக்கி வச்சிருக்க?"

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். சரவெடி சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். தோல் சிவந்தது. கோடு அசையவில்லை.

டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். சரவெடி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றாள். மேசையில் டீச்சரின் கோப்பு திறந்து கிடந்தது.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேம்மா. கட்டம் வரைஞ்சுட்டுத்தானே சுட்ட?"

பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டைக்குள் தோளில் ஏதோ மெல்லக் கீறிக்கொண்டு கழுத்துக்கு ஏறியது, கூராகச் சீவிய பென்சில் நுனி போல.

"வரைஞ்சேன் டாக்டர். வெயில்தான்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, கோப்பை மூடினார்.

சரவெடி லேசர் அறைக்குத் திரும்பினாள். ஒளி வெளியே சிதறக்கூடாதென்று ஜன்னலே வைக்காத அறை. எதிரொளிக்கக்கூடாதென்று கண்ணாடிக்கும் துணி போர்த்திய அறை. கனத்த கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டதும், வரவேற்பின் தொலைபேசிச் சத்தமும் செருப்புச் சத்தமும் அறுந்துபோக, எத்தனை தரம் துடைத்தாலும் சுவரை விட்டுப் போகாத அந்தக் கருகிய முடி நாற்றம், இன்று புதிதாக, இப்போதுதான் சுட்டதுபோல மூக்கில் ஏறியது.

இயந்திரம் பீப் என்றது. சுடத் தயார்.

அதை இயக்கும் சாவி அவள் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

கதவுப் பிடியைத் திருகினாள். திரும்பவில்லை. தட்டினாள். அந்த அறையின் கதவைத் தட்டினால் வெளியே கேட்காதென்று அவளுக்கே தெரியும்.

கன்னத்தில் சில்லென்று ஏதோ பட்டது. சுடுவதற்கு முன் தடவும் ஜெல். பழகிய கை தடவுவதுபோல, காதிலிருந்து தாடை வரை, ஒரே இழுப்பு.

துணியைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியில் அவள் முகம். நெற்றியிலிருந்து மோவாய் வரை வெள்ளைக் கட்டங்கள். மூக்கின் மேல். உதட்டின் மேல். கண்ணை மூடித் திறந்தாள். இமைகளின் மேலும்.

கண் கவசம் எங்கே? ஆணியில் இல்லை. தட்டில் இல்லை.

டிக்.

நெற்றியின் இடது ஓரம், முதல் கட்டம். ஊசியாய் ஒரு நெருப்பு. நாற்றம்.

"சுடுது..." என்றாள் சரவெடி.

காதுக்குப் பின்னால், மிக அருகில், அவளுடைய குரலே கேட்டது, அவசரமாக, சலிப்பாக.

"அப்படித்தான் இருக்கும்க்கா. பல்லைக் கடிச்சுக்கோங்க."

டிக்.

அதே கட்டம்.