தூங்கத் தெரிந்த கப்பல்

கடலுக்குள் மூழ்கியதும் முதல் வேலை, கப்பலைத் தூங்க வைப்பது.

"சிப்பி, படுக்கணும்மா," என்றாள் கேப்டன் தஸ்நேவிஸ் மேரி.

"இப்பத்தான முழிச்சேன்? இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் படுக்கேனே," என்று கூரையிலிருந்த ஒலிபெருக்கி கெஞ்சியது.

"நீ முழிச்சிருந்தா பேட்டரி தாங்காது. கண்ண மூடு."

ஒலிபெருக்கி முனகிவிட்டு அடங்கியது. மாலுமிகள் சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் காலுறையோடு தத்தம் இடங்களுக்குப் போனார்கள். இருபத்திரண்டாம் நூற்றாண்டு முடியப் போகிற அந்நாளில் ஒவ்வொரு நீர்மூழ்கிக்கும் கலமனம் என்று ஒன்று உண்டு. வழி பார்ப்பது, எதிரியின் சத்தத்தைக் கேட்பது, மாலுமிகளின் புலம்பலுக்கு 'ம்' கொட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. மின்சாரத்தை அதிகம் தின்பதும் அதுதான்.

சிப்பி, டீசல்-மின் கப்பல். டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். ஆகவே மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டி, எஞ்சினை ஓட்டி, பேட்டரியை நிரப்பிக்கொண்டு மறுபடி மூழ்கும். அடியில் அந்த பேட்டரியை வைத்துத்தான் பிழைப்பு. வேகமாக ஓடினால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடல்தரையில் படுத்துக்கொண்டால், பக்கத்தில் போகிற மீனுக்குக்கூடச் சேதி தெரியாது.

எதிரி, மகரம். அணுசக்திக் கப்பல். அதன் வயிற்றிலுள்ள உலை முப்பது ஆண்டு எரியும், காற்றும் கேட்காது. உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு இருக்கும்வரை அது மேலே வரவே வேண்டியதில்லை. முன்காலத்து அணுக் கப்பல்களுக்கு இருந்த பெரிய குறை, உலையைக் குளிர்விக்கும் பம்புகள் ஓயாமல் இரைவது. மகரத்தில் ஊமைப் பம்புகளைப் பொருத்தி அந்தக் குறையையும் தீர்த்துவிட்டார்கள்.

அப்புறம் டீசல் கப்பல் எதற்கு என்று தென்கடற்படையின் ஆய்வுக்குழு கேட்டது. ஓர் ஒத்திகை வைத்தது. குறித்த கடற்பகுதியில் இரண்டும் மூழ்கி ஒன்றையொன்று தேட வேண்டும். முதலில் கண்டுபிடித்து, வெடிக்காமல் சத்தம் மட்டும் எழுப்பும் ஒலிக்கணையை வீசுகிற கப்பலுக்கு வெற்றி. சிப்பி தோற்றால் உடைத்துவிடுவார்கள். இரும்பு போனால் போகட்டும், ஆனால் அந்தப் பழைய கலமனம் வேறு எந்தக் கப்பலிலும் பொருந்தாது. கடைசியாக ஒருமுறை தூங்க வைத்தால் பிறகு எழுப்ப வழியில்லை.

மகரத்தின் கேப்டன் சவரிராயன் வேறு யாருமல்ல, மேரியின் கணவர். இரண்டு கப்பல்களும் மூழ்குவதற்கு முன் அவருக்கு மேரியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பொறவு சொல்லுதேன்.'

அவர் படித்தார், சிரித்தார், கப்பலை இறக்கச் சொன்னார். அவருடைய திட்டம் எளிது. எங்கும் அலையாமல் சும்மா காத்திருக்க வேண்டும். என்றைக்காவது மூச்சு வாங்க சிப்பி மேலே வந்துதானே ஆக வேண்டும்?

மறுநாள் மகரம் மெல்ல ஆரம்பித்தது. "கேப்டன், அம்மா என்ன விஷயம் சொல்ல நினைச்சிருப்பாவ?"

"தெரியல. வந்து சொல்லுவா."

"உடம்புக்கு எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் இல்ல. காலைல ரெண்டு தட்டு புட்டு தின்னுட்டுத்தான் கப்பலேறுனா."

"அப்ப நீங்க ஏதாச்சும் தப்பு செஞ்சிட்டியளா?"

"பேசாம கெடல."

மகரம் பேசாமல் கிடந்தது. யோசிக்காமல் கிடக்க மட்டும் அதற்குத் தெரியாது. மின்சாரத்துக்குத் தட்டுப்பாடே இல்லாத கப்பலில் கலமனத்தை அணைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. கட்டிய நாளிலிருந்து அது ஒரு பொட்டுத் தூங்கியது கிடையாது. அந்த ஒன்றரை வரியை ஆயிரம் விதமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தது. வீட்டு விஷயமா, வேலை விஷயமா? பொறவு என்றால் எப்போது? ஒருவேளை இதற்குள் சொல்லியிருப்பாளோ? மேலே போய்ச் செய்திக்கம்பத்தை நீட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பாவம், ஒரு வாரம் தாக்குப்பிடித்தது.

அந்த ஒரு வாரமும் சிப்பியில் அடுப்பு மூட்டவில்லை. ரொட்டியும் கருவாட்டுத் துவையலும்தான். காற்று கனத்துப்போயிருந்தது. கலமனம் தூங்கியதால், காதில் கருவியை மாட்டிக்கொண்டு இன்பராசு என்ற மாலுமிதான் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மேடம், பேட்டரி நாளை வரைதான் வரும்."

"பொறு. அது வரும்."

அன்று மதியம் இன்பராசு கையை உயர்த்தினான். எங்கோ ஒரு பெரிய உடல் மேலேறும் முனகல். பிறகு கம்பம் நீளும் சத்தம். மேரி தலையசைக்க, சிப்பியின் ஒலிக்கணை மகரத்தின் விலாவில் 'டங்' என்று மோதியது.

சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தார் சவரிராயன். "யாருல கம்பத்தத் தூக்குனது?"

"நான்தான் கேப்டன். மணி சரியா இருக்கான்னு பாக்கத்தான் போனேன்," என்றது மகரம். அதன் வயிற்றில் மூன்று அணுக்கடிகாரங்கள் இருந்தன.

"சரி, ஏதாவது வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல, கேப்டன்."

கரைக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் ஆய்வுக்குழு மேரியின் வாயாலேயே கேட்டது. குழுத் தலைவர் வேதமாணிக்கம் உதட்டைப் பிதுக்கினார். "நிஜப் போர்ல எதிரிக் கப்பலுக்கெல்லாம் உங்களால செய்தி அனுப்ப முடியாதும்மா. இதை வெற்றின்னு எடுத்துக்க முடியாது. சிப்பியை உடைக்கிறதுதான் சரி."

மேரிக்குக் கண் கலங்கியது. சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பினாள். கதவருகே போயிருப்பாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் வேதமாணிக்கம். "அது என்ன விஷயம்?"

கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த மற்ற உறுப்பினர்களின் கைகளும் நின்றன. மேரி அவர்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"பொறவு சொல்லுதேன், சார்."

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மேலும் ஆராய வேண்டியவை இருப்பதால் ஒத்திகை மறு ஆண்டும் நடக்கும். அதுவரை சிப்பியையோ அதன் கேப்டனையோ யாரும் அசைக்கக் கூடாது.

துறைமுகத்தில் சிப்பியின் பக்கத்தில் கணவனும் மனைவியும் நின்றார்கள். சிப்பி விழித்திருந்தது, யாரோ ஒரு மாலுமியிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க மேல வர மாட்டியன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மேரி. "அந்தச் செய்தி ஒங்களுக்கு இல்ல, ஒங்க கப்பலுக்கு. அதுக்குத்தான் தூங்கத் தெரியாதே."

சவரிராயன் சிரித்தார். தோற்றதில் அவருக்கு வருத்தமே இல்லை. சிப்பி உடைபட்டால் இவள் எப்படி அழுவாள் என்று அந்த ஒரு வாரமும் கவலைப்பட்டவர் அவர்.

"ஆனா நெசமாவே ஒரு விஷயம் இருக்குங்க. சொல்லட்டா?"

"வேண்டாம்," என்றார் அவசரமாக. "எனக்குத் தெரிஞ்சா மகரத்துகிட்ட ஒளறிருவேன். அதுக்குத் தெரிஞ்சா கடற்படைக்கே தெரிஞ்சிரும். பொறவு கேக்க ஒண்ணுமில்லன்னு சிப்பிய உடைச்சிருவாவ. நான் கேக்கவே மாட்டேன்."

மேரிக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அவர் விறைப்பாக மகரத்தை நோக்கி நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். பின்தலையைச் சொறிந்தார். திரும்பி வந்தார்.

"ஏ மேரி, நல்ல விஷயமா, கெட்ட விஷயமா? அத மட்டும் சொல்லிரு."